அட்டவணைக்கு அடங்காத தொண்ணூற்றாறு

பிள்ளை கணக்குப் பாடத்தில் தொண்ணூற்றாறு எடுத்தால் ஊரில் சர்க்கரைச் சோறு ஆக்குவார்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இரண்டு தரம் உரக்கச் சொல்லித் திருப்திப்படுவார்கள். கிண்ணியா ஜவ்பரின் வீட்டுக்கு மட்டும் பதிவுத் தபாலில் விசாரணைக் கடிதம் வந்தது.

ஜவ்பர் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற மனிதர். கப்பல் துறையை அணைக்கும்போது மேலேயிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் தொடை மொத்தத்தில் ஒரு வடம் வரும். வடத்தின் கண்ணியைக் கரையில் நிற்கும் இரும்புக் குத்தியில் மாட்டிவிட்டால் கப்பல் நின்றுவிடும், ஜவ்பர் வீட்டுக்குப் போய்விடுவார். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. மாதத்தில் பாதி நாள் வீடுதான்.

கடிதத்தைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸஹ்ராதான் வாசித்தாள்.

"தங்கள் மகள் இரண்டாம் தவணைக் கணிதப் பாடத்தில் பெற்றுள்ள 96 புள்ளிகள், தங்கள் தொழிலுக்கென நிர்ணயிக்கப்பட்ட 41 புள்ளிகளுடன் முரண்படுகின்றன. இம்முரண்பாடு நீங்கும் வரை, கொழும்பில் நடைபெறவுள்ள கணிதப் போட்டிக்கான பட்டியலில் அவரது பெயர் நிறுத்திவைக்கப்படும். முரண்பாடு நீங்கியதும் பெயர் அனுப்பப்படும். தங்கள் தொழில் உபகரணங்களுடன் சமுகமளிக்கவும்."

கீழே 'பெற்றோர் தொழில் - பிள்ளை பெறுபேறு ஒத்திசைவுப் பிரிவு, ஓர்ஸ் ஹில், திருகோணமலை' என்றும், அதற்குக் கீழே யாராலும் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்தும் இருந்தன.

"மகள், நீ ஆரையும் பாத்து எழுதினியா?" என்று கேட்டார் ஜவ்பர்.

"ஆரப் பாக்கிற வாப்பா? எனக்கு அடுத்த புள்ள அறுவத்தெட்டு."

மனைவி மைமூனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்க, போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. பட்டியல் மாசக் கடைசியோட மூடுறாங்களாம். புள்ள ஆறு மாசமா அந்தப் போட்டிக்கெண்டே கிடக்கிறாள்."

"என்னத்துக்கு மன்னிப்பு?"

"அத அவங்களிட்டயே கேளுங்க."

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஜவ்பருக்கு ஒரு வியாதி உண்டு. விளங்காத ஒன்றுக்கு விளங்கியதுபோலத் தலையாட்ட அவருக்கு வராது. கப்பல் இல்லாத பின்னேரங்களில் மகளின் பக்கத்தில் குந்திக்கொண்டு, அவள் செய்யும் ஒவ்வொரு கணக்குக்கும் "அதென்னத்துக்கு அப்படி?" என்று கேட்பார். அவள் சொன்னால், சொன்னதற்கும் கேட்பார். ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையும் சேர்ந்தால் நூற்றெண்பது பாகை என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு மூன்று பின்னேரம் எடுத்தது. கடைசியில் ஸஹ்ரா சீனிப்பைக் கடதாசியில் முக்கோணம் வெட்டி, மூலைகளைக் கிழித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டின பிறகுதான் "அட, உண்மைதான்" என்றார். வாப்பாவுக்கு விளங்கப்படுத்திய கணக்கு அதற்குப் பிறகு ஸஹ்ராவுக்கு ஆயுளுக்கும் மறக்காது. தொண்ணூற்றாறு வந்த வழி இதுதான். ஆனால் விண்ணப்பப் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே தவிர, 'தந்தை பின்னேரத்தில் என்ன செய்கிறார்' என்று கட்டம் கிடையாது.

மறுநாள் காலை ஜவ்பர் தன் தொழில் உபகரணமான ஒரு சோடி கையுறையுடன் ஓர்ஸ் ஹில்லில் ஏறினார்.

அவர் போன நேரம் பிரிவின் காலை வணக்கம். சுவரில் ஒரு பெரிய அட்டவணை லேமினேற் செய்யப்பட்டு, செயற்கைப் பூமாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. உத்தியோகத்தர்கள் அதன்முன் வரிசையாக எழுந்து நின்றார்கள். எழுதுவினைஞர் புஸ்பராணி மணிக் குரலில் வாசித்தார்: "கூலி மற்றும் வேறு, நாற்பத்தொன்று. மீன்பிடி, நாற்பத்துநான்கு. விவசாயம், நாற்பத்தேழு. சில்லறை வியாபாரம், ஐம்பத்தொன்பது. எழுதுவினைஞர், எழுபத்திரண்டு. உத்தியோகத்தர், எண்பத்தைந்து." கடைசி எண்ணுக்கு எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஜவ்பரும் மரியாதைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

காத்திருப்போர் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் மாலையோடு ஒருவர் இருந்தார். கிளிவெட்டித் தம்பிராசாவாம், வயல்காரர்.

"உங்கட புள்ளையும் கூட எடுத்திட்டுதோ அண்ணன்?" என்று கேட்டார் ஜவ்பர்.

"சீச்சீ. என்ர மகள் சரியா நாப்பத்தேழு. அட்டவணையோட அச்சொட்டாப் பொருந்தீட்டுதாம். அதுக்குத்தான் இந்த மாலை. இனி எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, கோப்பை மூடியாச்சு எண்டு சொல்லிப்போட்டினம்." தம்பிராசா மாலையை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளைதான் வீட்டை இருந்து அழுகுது" என்றார்.

பணிப்பாளர் சுகிர்தன் நல்ல மனிதர். சத்தம் போட மாட்டார், சிரித்துக்கொண்டே பேசுவார். ஜவ்பருக்குக் கதிரை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார், பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு தொடங்கினார்.

"பயப்படாதேங்கோ நானா. இது உங்கட பிழை இல்லை. பெற்றோரின்ர தொழில் பிள்ளையின்ர பெறுபேற்றைத் தீர்மானிக்குது. இதை நாங்கள் சொல்லேல்லை. அட்டவணை சொல்லுது."

"அட்டவணை ஆர் செஞ்சது சேர்?"

"நாங்கள்தான்."

ஜவ்பர் தலையாட்டவில்லை. வியாதி அப்படி. "அப்ப எண்ட மகள் எப்படி சேர் தொண்ணூத்தாறு?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம். ஒரு பிள்ளை இப்பிடிச் செய்தால் நாளைக்கு இன்னொரு பிள்ளை செய்யும். பிறகு இந்தப் பிரிவு எதுக்கு? இதுக்கு ரெண்டு தீர்வு கிடக்கு. ஒண்டு, புள்ளியைத் தொழிலுக்கு இறக்கலாம். இல்லாட்டி, தொழிலைப் புள்ளிக்கு ஏத்தலாம். பொதுமக்களின்ர வசதிதான் எங்கட வசதி."

"அட்டவணையைக் கொஞ்சம் மாத்த ஏலாதா?"

பணிப்பாளரின் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. "லேமினேற் பண்ணியாச்சே, நானா."

முதலில் ஜவ்பரின் தொழில் உண்மையில் எவ்வளவு தாழ்ந்தது என்று அளக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பணிப்பாளரும் புஸ்பராணியும் ஒரு படிவத்தோடு துறைமுகத்துக்கு வந்தார்கள். அன்று ஒரு மாவுக் கப்பல் அணைந்துகொண்டிருந்தது. படிவத்தின் முதல் கேள்வி, தொழிலுக்குக் கதிரை உண்டா என்பது.

"இந்தக் குத்தியிலதான் குந்துவன்," என்று இரும்புக் குத்தியைக் காட்டினார் ஜவ்பர்.

புஸ்பராணி இரக்கசுபாவம் உள்ளவர். 'உண்டு, இரும்பு, அசையாதது' என்று எழுதி ஒரு புள்ளி போட்டார். கோப்பு உண்டா? இல்லை. இறப்பர் முத்திரை? இல்லை. கூட்டங்கள்? மழை வந்தால் எல்லோரும் கூரையின்கீழ் கூடுவோம் என்றார் ஜவ்பர். அதற்கு அரைப் புள்ளி கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து வடம் இறுகத் தொடங்கியது. பணிப்பாளர் அதன்மேல் ஒரு சப்பாத்தை வைத்துக்கொண்டு கடலின் அழகை இரசித்துக்கொண்டிருந்தார்.

"சேர்! கயித்துல நிக்காதீங்க! காலைப் புடுங்கிக்கொண்டு போகும்! தள்ளுங்க சேர்!"

பணிப்பாளர் துள்ளி விலகினார். உயிர் தப்பியது. மூச்சு வந்ததும் படிவத்தை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: 'மேலதிகாரிகளை நோக்கிச் சத்தமிட வேண்டிய தொழில். கழித்தல் இரண்டு.'

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தொழிலுக்கு விமோசனம் இல்லை. புள்ளியை இறக்க ஜவ்பர் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. மாதக் கடைசி வரை அவரைப் பிரிவிலேயே 'பதில் கடமை இணைப்பாளர்' ஆக்குவது, ஒவ்வொரு வியாழனும் ஸஹ்ராவுக்கு ஒரு பரீட்சை வைப்பது, அவளுடைய புள்ளி வாப்பாவின் தொழிலோடு பொருந்திவிட்டால் கோப்பை மூடுவது. கயிற்று வேலையைக் கூட்டாளி ஹிஸ்புல்லா பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மைமூனா ஒரு கழுத்துப்பட்டியை இரவல் வாங்கி வந்தாள். வீட்டில் யாருக்கும் கட்டத் தெரியாததால் ஜவ்பர் அதைக் கப்பல் முடிச்சிலேயே கட்டினார். அன்றிலிருந்து அந்தக் கந்தோரில் காற்றுக்கு அசையாத ஒரே கழுத்துப்பட்டி அவருடையதுதான்.

வேலை என்னவென்று அவர் கேட்டார். கதிரைதான் வேலை என்றார்கள். காலை எட்டு மணி முதல் நாலே கால் வரை இருக்க வேண்டும். அதன்பிறகு தினமும் கருத்தரங்கு. 'பெற்றோர் பிள்ளைகளுடன் நேரம் செலவிடுவது எப்படி' என்ற தலைப்பில் உத்தியோகத்தர்களெல்லாம் மாலை ஏழு மணி வரை தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து ஆராய்ந்தார்கள்.

ஏழு மணிக்குப் புறப்பட்டு, கிண்ணியாப் பாலம் கடந்து வீடு போய்ச் சேர எட்டரை ஆகும். ஸஹ்ரா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, வாப்பா வந்ததும் கேட்பார் என்று காத்திருந்து காத்திருந்து நித்திரை தூங்கி விழுவாள். ஒருநாள் விழித்திருந்து, "வாப்பா, இந்த வட்டக் கணக்கைப் பாருங்க" என்றாள்.

"கோப்பில போட்டு வை மகள். ஆவன செய்வம்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்பது ஜவ்பருக்கே தெரிந்தது. மைமூனா அகப்பையோடு அப்படியே நின்றாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கண் சொக்கியது, படுத்துவிட்டார்.

முதல் வியாழன் ஸஹ்ரா எழுபத்தொன்று எடுத்தாள். அவசரக் கூட்டம் கூடியது. உத்தியோகத்தரின் பிள்ளைக்கு எண்பத்தைந்து இருக்க வேண்டும். இருப்பதோ எழுபத்தொன்று.

"காரணம் தெளிவு," என்றார் பணிப்பாளர். "வாப்பாவின்ர பதவி காணாது."

ஜவ்பர் உதவிப் பணிப்பாளர் ஆனார். சுழலும் கதிரை கொடுத்தார்கள். கூடவே காலையில் ஒரு கூட்டமும் சேர்ந்தது. அடுத்த வியாழன் ஐம்பத்தெட்டு.

"பாத்தீங்களோ? இன்னும் காணாது!"

ஜவ்பர் இணைப் பணிப்பாளர் ஆனார். இப்போது வாகனமும் வந்தது, வாகனம் இருப்பதால் சனி, ஞாயிறிலும் கூட்டம் வந்தது. வீட்டு வாசலில் வாகனம் நிற்பதைப் பார்த்துவிட்டு முன்வீட்டு சரீப், "மச்சான், மகள் இன்னும் ரெண்டு பாடத்துல பெயிலாகினா நீ ஆளுநர்டா!" என்று வாழ்த்தினான். ஜவ்பருக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியல் மூட ஒரு கிழமைதான் இருந்தது. தான் ஏற ஏறப் பிள்ளை இறங்குவது அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியும் பார்த்தார்.

"சேர், நான் வீட்ட இரிந்தா அவள் படிப்பாள். நான் கதிரையில இரிந்தா படிக்கிறாள் இல்ல. இது விளங்குது தானே?"

"நல்ல கருத்து," என்றார் பணிப்பாளர். எல்லோரும் கைதட்டினார்கள். அதை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்பட்டு, ஜவ்பரே அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். உபகுழு மாலை ஏழு மணிக்குக் கூடும் என்று முடிவாயிற்று.

வெளியே வந்தபோது புஸ்பராணி குரலைத் தாழ்த்தி, "நானா, சொன்னனெண்டு சொல்லாதேங்கோ. பணிப்பாளர் சேரின்ர மகள் கணக்குக்கு முப்பத்தெட்டு" என்றார்.

"அட்டவணையில எண்பத்தஞ்சு தானே மிஸ்?"

"உத்தியோகத்தர் பிள்ளையள் குறைய எடுத்தால் அது தற்காலிகச் சோர்வு. அதுக்கு வேற கோப்பு."

அன்றிரவு சோற்றுக்கு முன்னால் இருந்து ஜவ்பர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பதவி, உபகுழு, தற்காலிகச் சோர்வு, கிளிவெட்டிக்காரரின் மாலை, எல்லாம். ஸஹ்ரா கேட்டுக்கொண்டிருந்தாள். கிளிவெட்டிக் கதை வந்தபோது மட்டும், "சரியா நாப்பத்தேழு எடுத்ததுக்கா கோப்பை மூடினாங்க வாப்பா?" என்று ஒருதரம் கேட்டாள்.

மூன்றாவது வியாழன் அவள் எடுத்தது நாற்பத்தொன்று.

எண்ணைக் கேட்டதும் ஜவ்பர் கதிரையில் தொப்பென்று விழுந்தார். சுழலும் கதிரை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தன் கையாலேயே பிள்ளையை அழித்துவிட்டோம் என்று நினைத்தார். மேசையில் முகத்தைக் கவிழ்த்தார்.

ஆனால் வெளியே மண்டபத்தில் பெருநாள் போல ஓர் ஆரவாரம். பணிப்பாளர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "நானா! நாப்பத்தொண்டு! உங்கட தொழிலுக்குரிய அதே நாப்பத்தொண்டு!"

"சேர், நான் இப்ப இணைப் பணிப்பாளர் தானே?"

"அதை இப்பவே நீக்கிறம். நீங்கள் திருப்பிக் கயிறு கட்டப் போகலாம். தொழில் கயிறு, புள்ளி நாப்பத்தொண்டு. முரண்பாடு இல்லை! வரலாற்றிலேயே எங்கட பிரிவு தீர்த்த முதல் முரண்பாடு!"

பத்து நிமிடத்தில் பதவி போனது, வாகனம் போனது, கதிரையை உருட்டிக்கொண்டு போனார்கள். கோப்பில் 'முரண்பாடு நீங்கியது' என்று முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தால் பெயரை அனுப்ப வேண்டும் என்பது விதி. தெரிவு நடந்தது தவணைப் பரீட்சைப் புள்ளியில், அது தொண்ணூற்றாறு. வியாழக்கிழமைப் பரீட்சையெல்லாம் கோப்புக்கு மட்டும்தான். புஸ்பராணி ஸஹ்ராவின் பெயரைப் பட்டியலில் எழுதி, உறையை ஒட்டி, தபால்காரரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு விடைத்தாளை ஜவ்பரின் முன் வைத்தார்.

"நானா, இதை ஒருக்காப் பாருங்கோ."

பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. அதில் மிகக் கடினமான நாலு கேள்விகளை ஸஹ்ரா ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். ஐந்தாவதில் முதல் வரி மட்டும். அதற்கு ஒரு புள்ளி. மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள்.

ஜவ்பர் வாகனம் இல்லாமல், பஸ் பிடித்து, மத்தியானமே வீடு போய்ச் சேர்ந்தார். ஸஹ்ரா வாசலிலேயே நின்றாள்.

"மகள், முதல் கிழமையும் இப்படித்தான் செஞ்சியா?"

"இல்ல வாப்பா. எழுவத்தொண்டும் அம்பத்தெட்டும் உண்மை. நீங்க கேக்காம எனக்கு ஒண்டும் மனசில நிக்குதில்ல. நான் எறங்க எறங்க அவங்க உங்கள ஏத்துறாங்க, நீங்க ஏற ஏற நான் எறங்கிறன். இதுக்கு முடிவே வராது. அப்பதான் கிளிவெட்டிக் கதையைச் சொன்னீங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாப்பத்தொண்டில நிப்பாட்டினா நீங்களும் வருவீங்க, பேரும் போகும். நாப்பத்திரெண்டு வந்திரிந்தாத்தான் மோசம். அந்த ஒரு புள்ளிக்குப் பயந்துதான் அரை மணித்தியாலம் யோசிச்சன்."

ஜவ்பருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அல்லாஹ்வே என்று பிள்ளையின் தலையைத் தடவினார். தொண்ணூற்றாறு எடுத்ததற்காகச் சமைக்காமல் விட்ட சர்க்கரைச் சோற்றை மைமூனா நாற்பத்தொன்றுக்குச் சமைத்தாள்.

திங்கட்கிழமை பாராட்டு விழா. ஜவ்பருக்கு மாலை போட்டார்கள். ஸஹ்ராவுக்கு 'ஒத்திசைந்த மாணவி' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பணிப்பாளர் முக்கால் மணித்தியாலம் பேசினார்.

"சபையோரே, தொண்ணூற்றாறு என்ற நிலையிலிருந்து இந்தப் பிள்ளையை நாற்பத்தொன்றுக்குக் கொண்டுவருவது இலகுவான காரியமல்ல. எத்தனை உத்தியோகத்தர்கள் இரவு பகலாக உழைத்தார்கள்! அவளது தந்தையைக் கண்ணில் காணாமல் செய்தோம். அவளது நித்திரையைக் குழப்பினோம். மூன்றே கிழமையில் இதைச் சாதித்தோமென்றால், மூன்று வருடங்கள் கிடைத்தால் இந்த மாவட்டத்தையே எங்கே கொண்டுபோய் நிறுத்துவோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்!"

சபை கைதட்டியது. எண்ணிப் பார்த்த ஒன்றிரண்டு பேர் மட்டும் சும்மா இருந்தார்கள்.

சிற்றுண்டி நேரம் பணிப்பாளர் மெதுவாக வந்து ஜவ்பரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். மேடையில் இருந்த குரல் இப்போது இல்லை. கையிலிருந்த ரோல்ஸ் கடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"நானா, விடைத்தாளை நானும் பாத்தனான்," என்றார்.

ஜவ்பர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "சேர், பேரை..."

"பேர் போயிட்டுது. அதை ஒருத்தரும் திருப்ப ஏலாது. நான் அதுக்கு வரேல்லை." அவர் நிலத்தைப் பார்த்தார். "என்ர மகளும் பத்தாம் வகுப்புத்தான். வீட்டுக்குப் போனால் அவள் என்னோட கதைக்கிறேல்லை. ரெண்டு ரியூசன் வைச்சும் பாத்தாச்சு. நீங்கள் அப்பிடி என்னதான் செய்யிறனீங்கள்?"

"ஒண்டும் செய்யிறல்ல சேர். பக்கத்துல குந்தியிரிந்து கேப்பன். அவள் சொல்லுவாள்."

"என்னத்தைக் கேக்கிறது? எனக்குக் கணக்கு ஒரு மண்ணும் விளங்காதே, நானா. அட்டவணை போட்டதே வேற ஆக்கள்."

ஜவ்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மூன்று கிழமையில் அந்தக் கந்தோரில் ஒருவரைத் தகுதியானவர் என்று அவர் நினைத்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீங்கதான் சேர் அதுக்குச் சரியான ஆள். இண்டைக்கு நாலு மணிக்கே வீட்ட போங்க."